ஃபிலடெல்ஃபியா சிட்டி ஹால் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் அப்பா அம்மாக்களும், நியூயார்க்கிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்களும் ஃபிலடெல்ஃபியாவில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்ப்பார்கள், சுதந்திர மண்டபத்தைப் பார்ப்பார்கள், போகிற வழியில் சிட்டி ஹால் முன்னால் நின்று ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். உள்ளே போகலாம், மேலே ஏறலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கோபுரத்துக்கு மட்டும் போய்விட்டு இறங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கோபுரத்தைவிட அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளங்களிலும் முற்றத்திலும்தான் விஷயம் அதிகம், ஏனென்றால் அது இன்னமும் ஆபீசாக ஓடிக்கொண்டிருக்கும் கட்டடம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், அது என்ன கட்டடம்? பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கிறதே?

அமெரிக்காவில் அரண்மனை ஏது! அது நகராட்சி அலுவலகம். மேயர் உட்காருவது அங்கேதான், நகர மன்றம் கூடுவதும் அங்கேதான், நீதிமன்ற அறைகளும் உள்ளே இருக்கின்றன. பாரிஸில் 19ஆம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்த பாணியில் கட்டியதால் அரண்மனைக் களை வந்துவிட்டது. சரிவான கூரை, ஜோடி ஜோடியாகத் தூண்கள், எங்கே பார்த்தாலும் சிலை. மொத்தம் 250க்கும் மேற்பட்ட சிற்பங்கள், கிட்டத்தட்ட 700 அறைகள். உச்சியில் நிற்கும் சிலையோடு சேர்த்து உயரம் 548 அடி.

பிராட் ஸ்ட்ரீட்டும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், சாலையையே மறித்துக்கொண்டு நிற்கிறது. இது தற்செயல் இல்லை. 1682ல் வில்லியம் பென் இந்த நகரத்தை வகுத்தபோது டெலவர் ஆற்றுக்கும் ஸ்கூல்கில் ஆற்றுக்கும் நடுவே நேர்நேரான தெருக்கள் போட்டு, ஐந்து சதுக்கங்களை ஒதுக்கி, நடுச் சதுக்கத்தைப் பொதுக் கட்டடங்களுக்கென்று விட்டுவைத்தார். அங்கே சிட்டி ஹால் வருவதற்கு இருநூறு வருஷம் ஆனது வேறு கதை. (நம் சென்னை மாநகராட்சி தொடங்கியது 1688. ரெண்டு ஊர் நிர்வாகமும் ஏறக்குறைய ஒரே வயசு என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

கட்டி முடிக்க முப்பது வருஷம் ஆனதாமே, உண்மையா?

உண்மைதான். 1871ல் ஆரம்பித்து 1901ல் முடித்தார்கள். ஒரு கோடி டாலரில் முடியும் என்று சொல்லித் தொடங்கியது, கடைசியில் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. கான்ட்ராக்ட், கமிஷன், சிபாரிசு என்று அந்தக் கால ஃபிலடெல்ஃபியா அரசியல் கெட்ட பேர் வாங்கியிருந்தது, இந்தக் கட்டடமும் அந்தப் பேச்சில் அடிபட்டது. வடிவமைத்த ஜான் மெக்ஆர்தர் முடிவதைப் பார்க்கவில்லை, 1890லேயே இறந்துவிட்டார்.

இன்னொரு சோகம், உலகத்திலேயே உயரமான கட்டுமானமாக இருக்க வேண்டும் என்றுதான் திட்டம் போட்டார்கள். இங்கே கல்லை அடுக்கிக்கொண்டே இருக்கும்போது அங்கே வாஷிங்டன் நினைவுத்தூணும் ஐஃபல் கோபுரமும் முந்திவிட்டன. சரி, மனிதர்கள் புழங்கும் கட்டடங்களில் உயரமானது என்ற பட்டமாவது கிடைத்தது, அதையும் 1908ல் நியூயார்க்கின் சிங்கர் கட்டடம் பறித்துக்கொண்டது. கட்டி முடித்த நேரத்தில் அந்தப் பாணியே பழசாகிவிட்டதால் ஊர்க்காரர்களே கேலி செய்தார்கள்.

இடிக்கப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேனே?

1950களில் அந்தப் பேச்சு பலமாகவே நடந்தது. காப்பாற்றியது பாரம்பரியப் பற்று என்று நினைக்காதீர்கள், செலவுதான். கோபுரத்தின் மேல்பகுதியைத் தவிர மற்ற இடத்தில் எடை தாங்கும் இரும்புச் சட்டம் கிடையாது. செங்கல்லும் கல்லும்தான் எடையைத் தாங்குகின்றன, அடிப்பகுதியில் சுவரின் கனம் மட்டும் 22 அடி. அதை இடிக்கக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1976ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தாயிற்று.

உள்ளே போக டிக்கெட் வேண்டுமா?

நாலு பக்கமும் இருக்கும் வளைவு வாசல்கள் வழியாக நடு முற்றத்துக்குப் போக எதுவும் வேண்டாம், தெருவில் நடக்கிற மாதிரிதான். நூற்றுக்கணக்கான பேர் குறுக்கு வழியாக அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். முற்றத்தின் தரை நடுவில் பெரிய திசைகாட்டி வடிவம் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக் கோபுரத்தைப் பாருங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

கட்டடத்துக்குள் நுழைய பாதுகாப்புச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ ஏதாவது ஓர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கோபுரத்துக்கும் உள்ளே சுற்றிக்காட்டும் சுற்றுலாவுக்கும் தனித்தனி டிக்கெட். தரைத்தளத்தில் 121ஆம் எண் அறைதான் பார்வையாளர் மையம், எதைக் கேட்பதானாலும் அங்கே போங்கள். நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் நான் இங்கே எழுதவில்லை. கிளம்புவதற்கு முன் அவர்களுடைய தளத்திலேயே பார்த்து முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

கோபுரத்துக்கு மேலே எப்படிப் போவது? ரொம்பப் படி ஏற வேண்டுமா?

லிஃப்ட்தான். ஆனால் ஒரே லிஃப்டில் நேராக மேலே போய்விட முடியாது. சாதாரண லிஃப்டில் 7ஆம் மாடி, அங்கிருந்து வழிகாட்டிக் குறிகளைப் பிடித்துக்கொண்டு நடந்து இன்னும் ரெண்டு மாடி ஏறினால் காத்திருக்கும் இடம், அதற்கப்புறம்தான் கோபுர லிஃப்ட். அந்தக் கோபுர லிஃப்ட்தான் ஆச்சரியம். அது ஒரு சின்னப் பெட்டி. இயக்குபவரைத் தவிர ஒரு தடவைக்கு நாலு பேர்தான். அதனால்தான் டிக்கெட்டில் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள், அதனால்தான் நல்ல வெயில் நாளில் சீக்கிரமே டிக்கெட் தீர்ந்தும் போகிறது. ஐந்து பேர் குடும்பமாகப் போனால் ஒருவர் தனியாக வர வேண்டியிருக்கும், அது யார் என்று கீழேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது கைபேசியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பாருங்கள். வெளியே என்றால் ஊர் தெரியாது, கோபுரத்தின் உள்பக்கம் தெரியும். பூசாத செங்கல், குறுக்கே போகும் இரும்பு, அரையிருட்டு. வெளியிலிருந்து அத்தனை அலங்காரமாகத் தெரிகிற ஒன்றின் உள்புறம் இவ்வளவு முரட்டுத்தனமாக இருப்பதைப் பார்க்க எனக்கு மேலே தெரியும் காட்சியைவிடப் பிடிக்கும்.

மேலே என்ன தெரியும்?

உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையின் காலுக்குக் கீழே, ஏறத்தாழ 500 அடி உயரத்தில் வட்டமாக ஒரு நடைமேடை, சுற்றிலும் கண்ணாடி. இடம் சின்னது, நின்று சுற்றி வர சில நிமிஷம் போதும். வடமேற்கில் கொடிகள் கட்டிய பார்க்வே சாலை கலை அருங்காட்சியகம் வரை சாய்வாக ஓடுவது அழகு. தெற்கே பிராட் ஸ்ட்ரீட் கோடு போட்டது போல் நேராகப் போகும். கிழக்கே டெலவர் ஆறும், நீல நிற பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலமும், அதைத் தாண்டி நியூ ஜெர்சியும். மேற்கே? கண்ணாடிக் கட்டடங்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன, அதற்கான கதை கீழே வருகிறது.

கண்ணாடியில் பிரதிபலிப்பு விழும், அதனால் கைபேசியின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள். கிளம்பும்போது மழையோ பலத்த காற்றோ இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு மூடிய இடம் என்றால் பயம். கூட்டிப் போகலாமா?

முழங்கால் வலியோடு சமாளிக்கலாம், ஆனால் 7ஆம் மாடியிலிருந்து நடக்க வேண்டியதையும் ஏற வேண்டியதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி என்றால் 121ஆம் அறையில் முதலில் பேசிவிட்டு டிக்கெட் எடுங்கள். மூடிய இடம் பயம் என்றால் வேண்டாம், உள்ளபடியே வேண்டாம். அந்த லிஃப்ட் அவ்வளவு நெருக்கம். அம்மாவைக் கீழே மேற்குப் பக்கத்து டில்வொர்த் பூங்காவில் உட்கார வைத்துவிட்டுப் போய் வாருங்கள், 2014ல் புதுப்பித்த இடம், நாற்காலி மேசை எல்லாம் உண்டு. கோடையில் தரையிலிருந்து பீச்சும் நீரூற்றில் குழந்தைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள், குளிர்காலத்தில் அதே இடம் பனிச்சறுக்குத் தளமாகிவிடும். வேடிக்கை பார்க்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

கோபுரமா, உள் சுற்றுலாவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

சின்னக் குழந்தைகள் இருந்தால் கோபுரம். மற்றபடி உள் சுற்றுலா. ரெண்டு மணி நேரம் போல ஆகும், பேசப் பேச நேரம் போவது தெரியாது. மேயரின் வரவேற்பு அறை, பழைய மேயர்களின் ஓவியங்கள், உரையாடல் மண்டபம் என்று பெயர் வைத்த ஒரு பெரிய கூடம், நகர மன்ற அறை, மாநில உச்ச நீதிமன்றம் ஃபிலடெல்ஃபியாவுக்கு வரும்போது உட்காரும் அறை. எல்லா அறையும் எல்லா நாளும் திறந்திருக்காது, கூட்டமோ விசாரணையோ நடந்தால் கதவு சாத்தியிருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

நாலு மூலையிலும் இருக்கும் படிக்கட்டுகளைத் தவறவிடாதீர்கள். எண்கோணமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் கல் படிகள், நடுவில் தாங்கும் தூண் எதுவும் இல்லை, ஒவ்வொரு படியின் ஒரு முனையும் சுவருக்குள் செருகியிருக்கிறது. கீழே நின்று நேர் மேலே பார்த்தால் படிகளின் அடிப்பக்கம் அடுக்கடுக்காகச் சுருங்கிக்கொண்டே போவது தெரியும். வக்கீல்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு வழி விடுங்கள்.

உச்சியில் தொப்பி போட்டு நிற்பவர் யார்? பெஞ்சமின் ஃபிராங்க்ளினா?

பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் வில்லியம் பென். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் பென்னின் அப்பாவிடம் பட்ட கடனுக்கு ஈடாக 1681ல் இந்த நிலப்பரப்பை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். பென் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர், அதற்காக இங்கிலாந்தில் சிறைக்கும் போனவர். அதனால்தான் இங்கே யார் எந்த மதத்தையும் கும்பிடலாம் என்று வைத்தார்.

சிலை 37 அடி உயரம், 27 டன் வெண்கலம். செய்தவர் அலெக்சாண்டர் மில்ன் கால்டர், கட்டடத்தில் இருக்கும் மற்ற சிற்பங்களும் அவர் பொறுப்பில் உருவானவைதான். துண்டு துண்டாக மேலே ஏற்றி 1894ல் பொருத்தினார்கள். கால்டருக்கு ஒரு தீராத மனக்குறை. முகம் தெற்கே பார்த்து இருந்தால் நாள் முழுக்க வெயில் விழும், நுணுக்கம் எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்தார். வைத்தவர்களோ வடகிழக்கே திருப்பிவிட்டார்கள், பென் லெனாபே பழங்குடியினரோடு உடன்படிக்கை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் இடம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. விளைவு, பெரும்பாலான நேரம் முகம் நிழலில். படம் எடுக்க வேண்டுமென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் வெறும் கருப்பு உருவம்தான் கிடைக்கும்.

சிலைக்குக் கீழே நாலு பக்கமும் இருக்கும் கடிகாரங்கள் 1899லிருந்து ஓடுகின்றன, லண்டன் பிக் பென் முகத்தைவிடப் பெரியவை. ஆரம்ப காலத்தில் இரவு ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கோபுர விளக்குகளை அணைத்து, சரியாக ஒன்பதுக்கு மறுபடி போடுவார்களாம், தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள.

அந்தச் சாபக் கதை என்ன?

இதைக் கேட்காமல் யாரும் ஊருக்குத் திரும்புவதில்லை. எழுதி வைக்காத ஒரு ஒப்பந்தம் இருந்தது, பென்னின் தொப்பியைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்று. சட்டம் எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான், ஆனாலும் எண்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதை மதித்தார்கள். 1987ல் 945 அடி உயர ஒன் லிபர்ட்டி பிளேஸ் திறந்தபோது அது உடைந்தது. அப்புறம் ஊரின் நாலு பெரிய விளையாட்டு அணிகளும் வரிசையாகத் தோற்றன. இறுதி ஆட்டம் வரை போகும், அங்கே கவிழும். ஃபிலடெல்ஃபியாக்காரர்களுக்கு விளையாட்டு என்றால் உயிர், பென் கோபித்துக்கொண்டார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். 1993ல் சிலைக்கு ஊரின் பேஸ்பால் அணியான ஃபில்லீஸின் தொப்பி போட்டுப் பார்த்தார்கள், 1997ல் ஐஸ் ஹாக்கி அணியான ஃப்ளையர்ஸின் சட்டை மாட்டினார்கள், ரெண்டு தடவையும் தோல்விதான்.

2007ல் காம்காஸ்ட் கட்டடத்தின் கடைசி உத்தரத்தை ஏற்றும்போது வேலையாட்கள் அதில் ஒரு சின்னஞ்சிறு பென் பொம்மையை ஒட்டிவிட்டார்கள். இப்போது ஊரில் உயரமானவர் மறுபடி அவர்தானே! அடுத்த வருஷம், 2008ல், ஃபில்லீஸ் உலகத் தொடர் கோப்பையை ஜெயித்தது. அதைவிட உயரமான இரண்டாவது காம்காஸ்ட் கட்டடம் வந்தபோது அங்கேயும் ஒரு பொம்மை வைத்தார்கள், 2018 பிப்ரவரியில் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம் ஊரில் திருஷ்டிப் பூசணி உடைப்பதைக் கேலி செய்யும் மாப்பிள்ளைகளிடம் இந்தக் கதையை நான் தவறாமல் சொல்லுவேன்.

நகர மன்றக் கூட்டத்தை வெளியாட்கள் பார்க்கலாமா?

தாராளமாக. வழக்கமாக வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, 400ஆம் எண் அறையில். கோடையில் விடுமுறை விடுவார்கள். ஊர்க்காரர்கள் எழுந்து வந்து மைக்கில் பேசுவதையும் கேட்கலாம். காசு கிடையாது. அறையின் அலங்காரத்தைப் பார்க்கப் போய், குப்பை அள்ளுவது பற்றிய வாக்குவாதத்தில் மூழ்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

முற்றத்தில் வெள்ளை கவுன் போட்ட பெண்கள் நிற்கிறார்களே, சினிமா ஷூட்டிங்கா?

கல்யாணம். திருமண உரிமம் கொடுக்கும் அலுவலகம் 415ஆம் அறையில் இருக்கிறது, அதனால் ஜோடிகள் வந்துகொண்டே இருப்பார்கள். பென்சில்வேனியாவில் ஒரு விசேஷம், பாதிரியாரோ நீதிபதியோ இல்லாமல் மணமக்களும் ரெண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டே கல்யாணம் செய்துகொள்ளும் உரிமமும் உண்டு. குவேக்கர்களிடம் குருமார் நடத்திவைக்கும் வழக்கமில்லாததால் வந்தது, இன்று யார் கேட்டாலும் கிடைக்கும். விண்ணப்பித்து மூன்று நாள் காத்திருக்க வேண்டும், அதனால் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் கையோடு முடித்துவிடலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள்.

வெளியே இருக்கும் சிலைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

தெற்குப் பக்கத்தில் ஆக்டேவியஸ் கேட்டோ. கறுப்பின ஆசிரியர், ஓட்டுரிமைக்காகப் போராடியவர், தெருவண்டிகளில் (அந்தக் கால டிராம்) கறுப்பினத்தவரை ஏற்ற மறுத்ததை எதிர்த்து ஜெயித்தவர். 1871 அக்டோபர் 10, தேர்தல் நாளன்று தெருவில் சுட்டுக் கொன்றார்கள், அப்போது வயது 32. இந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கிய அதே வருஷம். சுட்டவனுக்குத் தண்டனையும் கிடைக்கவில்லை. சிலை வைக்க 2017 வரை ஆனது. ஃபிலடெல்ஃபியாவின் பொது இடத்தில் ஒரு தனிப்பட்ட கறுப்பினத்தவருக்கு வைத்த முதல் சிலை இதுதான். கைகளை விரித்து முன்னால் எட்டு வைக்கும் தோரணையில் இருப்பார். எதிரில் ஒரு வாக்குப்பெட்டி, பின்னால் தெருவண்டி வடிவில் நிமிர்ந்து நிற்கும் கல் பலகைகள். சுற்றி வந்து பின்பக்கமும் பாருங்கள்.

எப்படி வருவது? கார் எடுத்து வரலாமா?

கார் வேண்டாம். பக்கத்தில் பார்க்கிங் இருக்கிறது, கட்டணத்தைப் பார்த்தால் பகீர் என்கும். செப்டா சுரங்க ரயில் நேரே கட்டடத்துக்கு அடியிலேயே வந்து நிற்கும், பிராட் ஸ்ட்ரீட் பாதையில் வந்தாலும் மார்க்கெட் ஸ்ட்ரீட் பாதையில் வந்தாலும் 15ஆம் தெரு/சிட்டி ஹால் நிலையம். புறநகர் ரயிலில் வருகிறவர்கள் சபர்பன் ஸ்டேஷனில் இறங்கினால் கூப்பிடு தூரம். நியூயார்க்கிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் வந்தால் 30ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் பாதையில் ஒரே நிறுத்தம். தெற்கு நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் பேட்கோ ரயில் இருக்கிறது, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிழக்கே கொஞ்சம் நடந்தால் ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 1893லிருந்து இருக்கும் சந்தை. பழைய ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரே இரைச்சலும் வாசனையுமாக இருக்கும். வெண்ணெய் தடவிய சூடான பிரெட்ஸல் வாங்கிக்கொள்ளுங்கள், பாசெட்ஸ் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள், அந்தக் கடை சந்தை தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. சுத்த சைவம், சோறு வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் கூட இருந்தால் அதை ஒட்டியே சைனா டவுன், அங்கே சைவ உணவகங்கள் உண்டு. புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தால் டில்வொர்த் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. வந்தால் பிரயோஜனம் உண்டா?

ஆபீஸ் இல்லை, அதனால் உள்ளே போக முடியாது. முற்றம், வாசல் சிற்பங்கள், கேட்டோ சிலை, பூங்கா இதெல்லாம் பார்க்கலாம். அப்புறம் பார்க்வே வழியாக வடமேற்கே நடங்கள். லோகன் சதுக்கத்தில் இருக்கும் ஸ்வான் நீரூற்றுச் சிலைகள் பென் சிலை செய்த கால்டரின் மகன் செய்தவை. கோடி வரை நடந்து கலை அருங்காட்சியகத்துக்குள் போனால் பேரன் கால்டர் செய்த, காற்றில் மெல்ல அசையும் வெள்ளைத் தொங்கு சிற்பம் இருக்கிறது. ஆனால் முடிந்தால் வார நாளில் ஒரு லீவு போட்டுவிட்டு வாருங்கள், சனிக்கிழமைகளில் கோபுரம் திறப்பது எப்போதாவதுதான்.